சரளையில் ஒரு டப்பா

டிரைவிங் ஸ்கூல் தெய்வானையிடம் பாடம் கேட்க வந்த பொன்னுரங்கம் அவளைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். ஜவுளிக்கடைக்காரர். அம்பாசிடர் காலத்திலிருந்தே வண்டி ஓட்டியவர்தான். இப்போது பயம் பிடித்துக்கொண்டது.

போன மாசம், சரளை கொட்டிக் கிடந்த ஒரு வளைவில், நின்றிருந்த டிராக்டரைக் கண்டு பிரேக்கை மிதித்தார். பெடல் காலடியில் தடதடவென்று உதறியது. பிரேக்தான் போய்விட்டது என்று பதறிக் காலை எடுத்தார். வண்டி நேராகப் போய் மோதி, பக்கத்தில் இருந்த மனைவி சாவித்திரிக்குக் கை முறிந்தது.

அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடவில்லை மனுஷன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் போனார்கள். பின்சீட்டில் உட்கார்ந்தாலும் அவர் வலது கால் பிரேக்கைத் தேடுவதுபோல் தரைத் தகரத்தை மிதித்துக்கொண்டே வரும். சாவித்திரி அதைக் கவனித்துவிட்டு, பார்க்காத மாதிரி வெளியே திரும்பிக்கொள்வாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்?

"காலை எடுக்காம இருந்திருந்தா வண்டி நின்னிருக்குமா, அம்மிணி?" என்று தெய்வானையிடம் கேட்டார்.

தெய்வானை புதுச் சாலை போடும் இடத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள். சரளை பரப்பிய பாதையின் நடுவே ஒரு காலி பெயின்ட் டப்பாவை வைத்து, அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

மிதித்தார். பெடல் உதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுக்காமல் இருந்தார். வண்டி நறநறவென்று போய் டப்பாவை நசுக்கியது.

அவர் முகம் செத்துப்போயிற்று. "அப்பவும் நிக்கலியே."

"ஏபிஎஸ் சக்கரத்தைப் பிடிச்சுப் பிடிச்சு விடும்ங்கண்ணா. அதுதான் அந்த உதறல். சரளையில கொஞ்சம் கூடவே இழுத்துட்டுப் போகும்." இன்னொரு டப்பாவை வைத்தாள். "இப்ப மிதிச்ச கால எடுக்காம ஸ்டியரிங்கை ஒடிங்க."

பிரேக்கை மிதித்துக்கொண்டே ஒடித்தால் சறுக்குமே என்று தயங்கினார். அது பழைய வண்டியில், ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் திரும்பும் என்றாள்.

மிதித்தார். ஒடித்தார். வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு டப்பாவை விட்டு விலகி, நல்ல தூரம் தள்ளிப் போய் நின்றது. டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது.

சந்தோஷப்பட வேண்டியவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அப்ப அன்னிக்கும் ஒடிச்சிருக்கலாம்."

அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"ஒடிச்சிருக்கலாம்ங்கண்ணா."

"இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவளை வண்டியில ஏறுன்னு கூப்பிடுவேன்?"

தெய்வானை போய் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"காலையில சாவித்திரி அக்கா போன் பண்ணுனாங்க. நீங்க நல்லா ஓட்டறீங்களான்னு கேக்கவே இல்லைங்க. எத்தனை மணிக்கு வந்து என்னைய ஏத்திக்குவாருன்னுதான் கேட்டாங்க."