சடையாண்டியின் எண்ணெய்க் காலும் நீட்டுக் காலும்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்குக் கோணம்பட்டிக்காரர்கள் எல்லோரும் கபடி ஆடப் போயிருந்தார்கள் என்று பக்கத்து ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. வீண் பழி. அவர்களும் வரிசையில்தான் நின்றார்கள். முறை வந்ததும், "எங்களுக்கு வேணாம் சாமி, ஏற்கெனவே நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெருந்தன்மையாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

அந்தப் பெருந்தன்மையான ஊரின் கபடி அணியில் ரைடர் சடையாண்டி. எதிரணிக் கட்டத்துக்குள் பாடிப் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதைத் தவிர அவனுக்கு வேறு எந்த வேலையும் உருப்படியாக வராது. உழச் சொன்னால் வயலை விட்டுவிட்டு வரப்பை உழுவான். ஆனால் மைதானத்தில் இறங்கிவிட்டால் ஊரே எழுந்து நிற்கும். இந்த உலகத்தில் அவனுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

அதற்கும் இந்த வருஷம் ஆபத்து வந்தது. போன வருஷப் போட்டியில் பலருக்குத் தொடை பிடித்துக்கொண்டதால் கமிட்டிக்காரர்கள் ஒரு புது விதி போட்டார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து தன் கால் கட்டைவிரலைத் தொடுகிறவன் ஆடலாம். தொடாதவன் வேடிக்கை பார்க்கலாம். சடையாண்டி குனிந்து பார்த்தான். கை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பின்தொடை, முறுக்கிய கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. அவன் தேறாவிட்டால் அவன் மனைவி பேச்சியம்மாளின் தம்பி வீரணன்தான் ரைடர். வீரணன் எதிரணிக்குள் பாடிப் போனால், தெரிந்தவர் யாராவது இருந்தால் அங்கேயே நின்று குசலம் விசாரித்துக்கொண்டிருப்பான். போட்டியின் பரிசு ஒரு செம்மறிக் கிடா.

அணித்தலைவர் மொக்கராசு, சடையாண்டியையும் வீரணனையும் கூட்டிக்கொண்டு டவுனில் இருந்த பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனார். அந்தம்மா தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பின்தொடைத் தசை ரொம்ப இறுகியிருக்கு. மசாஜ் பண்ணாலும் தளரும், ஸ்ட்ரெச்சிங் பண்ணாலும் தளரும். மசாஜ்னா எண்ணெய் போட்டு, முழங்காலுக்குப் பின்னாடியிருந்து மேல்பக்கமாத்தான் உருவணும். ஸ்ட்ரெச்சிங்னா காலை நீட்டி ஒரு திட்டு மேல வச்சு, லேசா இழுக்கிற வரைக்கும் குனிஞ்சு, ஒரு ரைடு போயிட்டு வர்ற நேரம் அப்படியே இருக்கணும்."

"ரெண்டுல எதும்மா ஒசத்தி?" என்றார் மொக்கராசு.

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு ஒத்துவரும். செஞ்சு பாத்து நீங்களே தெரிஞ்சுக்கோங்க."

படித்தவர்கள் யோசிக்காமல் பேசிவிடுகிறார்கள். கோணம்பட்டிக்காரர்களிடம் போய் 'நீங்களே தெரிஞ்சுக்கோங்க' என்று யாராவது சொல்வார்களா?

பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. மொக்கராசு எண்ணெய்க் கட்சி. வீரணன் நீட்டுக் கட்சி. மாமா தேறிவிட்டால் தனக்கு இடம் கிடையாது என்பது வீரணனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் அவனை ஊரை விட்டே தள்ளிவைத்திருப்பார்கள். சடையாண்டி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவனுக்குக் கட்டைவிரல் எட்டினால் போதும்.

"உங்காளுக்கு எண்ணெய் போடுங்க, எங்காளை நீட்டச் சொல்றோம். எது ஜெயிக்குதுன்னு பாப்போம்" என்றான் வீரணன்.

"ஆளுக்கு ஆள் காலு வேறடா. அதுல என்ன நியாயம் தெரியும்? ஒரே ஆளுக்குத்தான் ரெண்டு காலு இருக்குல்ல? சடையாண்டிக்கு எடது காலை உருவுவோம், வலது காலை நீட்டுவோம்" என்றார் மொக்கராசு.

இதுவரைக்கும் பேசியதை எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தாலும் பாராட்டியிருப்பார்கள். அதோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"எடது காலு எண்ணெயோட குணம் வலது காலுக்கு ஓடிருச்சுன்னா?" என்று வீரணன் கேட்டான்.

கூட்டம் குனிந்து சடையாண்டியின் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தது. அப்புறம் மொக்கராசு, கபடிக் கட்டத்துக்கு நடுக்கோடு போடுகிற சுண்ணாம்பை எடுத்துவந்து, சடையாண்டியின் நெற்றியிலிருந்து தொப்புள் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தார். "இனி இதைத் தாண்டினா அவுட்டு."

"முதுகுலயும் போட்டுருங்கண்ணே. பின்பக்கமாப் போயிரப் போகுது" என்றான் சடையாண்டி. தன் உடம்பாயிற்றே, அவனுக்கு அக்கறை இருக்காதா?

மறுநாள் காலையில் மொக்கராசு கை நிறைய நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு, இடது முழங்காலுக்குப் பின்னாலிருந்து மேலே ஒரு உருவு உருவினார். கை தொடையின் உச்சிக்கு வந்ததும் சிலையாக நின்றுவிட்டார்.

"என்னண்ணே ஆச்சு?"

"கை மேல வந்துருச்சுடா."

"மறுபடி கீழயிருந்து ஆரம்பிங்க."

"கீழ எப்படிக் கொண்டுபோறது? மேல்பக்கமாத்தான் போகணும்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே!"

வெகுநேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு உருவு. உருவிய கை இறங்கக் கூடாது, அப்படியே வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்த உருவுக்கு அடுத்த ஆள். எண்ணெய்க் கட்சி முழுக்க வரிசை கட்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் தெருவெல்லாம் எண்ணெய் வழியும் கைகளை உயர்த்திக்கொண்டு ஆட்கள் நடமாடினார்கள். அந்த வழியாக வந்த பஸ் ஒவ்வொருவருக்காகவும் நின்றது. ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் இறங்கிவந்து சத்தம் போட்டபோது மொக்கராசு பணிவாகச் சொன்னார்: "கைய எறக்க முடியாதுங்க. ஒருத்தன் தொடை விஷயம்." டிரைவர் விறுவிறுவென்று ஏறி பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து அந்த பஸ் கோணம்பட்டியில் யார் கை காட்டினாலும் நிற்பதில்லை. வீட்டில் சோறு போட்டதும் கைகள் தாமாகவே இறங்கின.

நீட்டுக் கட்சி மட்டும் இளைத்ததா என்ன? வீரணன், சடையாண்டியின் வலது காலை எடுத்துக் குட்டிச்சுவர் மேல் வைத்தான்.

"மாமா, குனிங்க. இழுக்குதா?"

"இழுக்குது மாப்ள."

"ஒரு ரைடு நேரம் இப்படியே இருக்கணும். நான் ரைடு போயிட்டு வந்துர்றேன், அசையாதீங்க."

"கபடி கபடி" என்று பாடிக்கொண்டே வீரணன் அடுத்த தெருவுக்குப் போனான். அங்கே டீக்கடையில் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். வெயில் ஏறியது. ஒற்றைக் காலில் நின்றவனைக் கொக்கு என்று நினைத்தோ என்னவோ, ஒரு நாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனது. பேச்சியம்மாள் வந்து, "ஏங்க, காலை எறக்குங்க" என்றாள்.

"உன் தம்பி இன்னும் ரைடு முடிச்சு வரல."

"அவன் எந்தக் காலத்துல வந்திருக்கான்?" என்றவள், தம்பியைத் தேடிப் போய்க் காதைத் திருகி இழுத்துவந்தாள். அப்புறம்தான் அந்த ஸ்ட்ரெச்சிங் முடிந்தது.

முன்னேற்றத்தை அளக்கவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் நாள் கைவிரலுக்கும் கால் கட்டைவிரலுக்கும் நடுவே இருந்த இடைவெளி அளவுக்கு ஒரு முருங்கைக்காயை நறுக்கிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பேச்சியம்மாள் அதைக் குழம்பில் போட்டுவிட்டாள். சடையாண்டி சாப்பிட்டு முடித்து, சக்கையைத் துப்பின பிறகுதான் விஷயம் தெரிந்தது. "எடைவெளிய நீயே தின்னுட்ட. இனி எம்புட்டுக் கொறைஞ்சுதுன்னு எப்படிடா தெரியும்?" என்று மொக்கராசு தலையில் அடித்துக்கொண்டார்.

போட்டி வரைக்கும் தினமும் நடந்த இத்தனை கூத்துக்கும் நடுவே உடம்பு என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்சி கிடையாது. உருவிய கால் உருவியதில் தளர்ந்தது, நீட்டிய கால் நீட்டியதில் தளர்ந்தது. போட்டியன்று காலை எல்லோர் முன்னாலும் சடையாண்டி குனிந்தான். இடது கை இடது கட்டைவிரலைத் தொட்டது. வலது கை வலது கட்டைவிரலைத் தொட்டது. முழங்கால் துளியும் மடங்கவில்லை. சடையாண்டிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. "தொட்டுட்டேன்! ரெண்டையும் தொட்டுட்டேன்!" என்று கத்தினான்.

யாரும் கை தட்டவில்லை. இழவு வீடு மாதிரி இருந்தது.

"ரெண்டுமா தொட்டுச்சு?" என்றார் மொக்கராசு.

"ஒரே நேரத்துல, அண்ணே."

"அப்ப எது ஒசத்தி?"

சடையாண்டியின் முகம் மெல்ல வாடியது. அதை அவன் யோசிக்கவில்லை.

"எங்கியோ கோடு அழிஞ்சிருக்கு, குணம் கலந்துருச்சு" என்றான் வீரணன். "ஆட்டம் செல்லாது. முதல்லயிருந்து ஆரம்பிக்கணும்."

"முதல்லயிருந்துன்னா காலு முதல்ல இருந்த மாதிரி எறுகணுமேடா?"

"மடக்கி உக்காரவச்சா எறுகிரும்ணே."

"போட்டி இன்னிக்கில்ல?" என்றான் சடையாண்டி தயங்கித் தயங்கி.

"போட்டி அடுத்த வருஷமும் வரும் மாமா. நியாயம் வருமா?"

இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குப் புத்தி வேண்டும். சடையாண்டி தலையாட்டினான். பருத்தி அள்ளுகிற பெரிய கூடையில் அவனை முழங்கால் முகவாயில் இடிக்கிற மாதிரி மடக்கி உட்காரவைத்து, வேனில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள்.

கமிட்டிக்காரர் பெயரைக் கூப்பிட்டார். "யாருப்பா சடையாண்டி? வந்து கட்டைவிரலைத் தொடு."

"தொட்டாச்சுங்க" என்றான் கூடைக்குள்ளிருந்து. "அதனாலதாங்க ஆட முடியல."

அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். வீரணன்தான் ரைடு போனான். விசில் ஊதியபோது சடையாண்டிக்கு எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நியாயத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான். எதிரணியில் வீரணனுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

கோணம்பட்டி படுதோல்வி. மொக்கராசு நேராகக் கூடைக்கு ஓடிவந்து, உள்ளே கையை விட்டுத் தொடையை அழுத்திப் பார்த்தார். "எறுகிருச்சுடா! பாறை மாதிரி எறுகிருச்சு!" என்று குதித்தார். அவ்வளவுதான். மேளக்காரரைக் கூப்பிட்டுக் கொட்டச் சொல்லி, கூடையோடு சடையாண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஆடாமலே தனக்கு இத்தனை மரியாதையா என்று சடையாண்டி இரண்டு கையாலும் ஊருக்கெல்லாம் கும்பிடு போட்டான்.

கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்ற ஜெயித்த அணியின் தலைவருக்கு மனசு கேட்கவில்லை. தோற்றவனுக்கே இத்தனை கொண்டாட்டம் என்றால் அந்தக் கூடையில் ஏதோ விஷயம் இருக்கிறது. மெதுவாக மொக்கராசு பக்கத்தில் வந்து, "அண்ணே, இந்தக் கிடாவை வச்சுக்கிட்டு அந்தக் கூடையக் குடுத்துருங்களேன்" என்றார்.

மொக்கராசு அவரை மேலும் கீழும் பார்த்தார். "வேற ஆளப் பாருய்யா. எங்களைப் பாத்தா முட்டாளுக மாதிரியா தெரியுது?"

வேன் அந்த ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் சடையாண்டிக்கு மூச்சே வந்தது. கூடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நல்ல வேளைண்ணே. நானா இருந்தா குடுத்து ஏமாந்திருப்பேன்" என்றான்.