பனங்கிழங்கு டாக்டர்

“அவனுக்கு நான்தான்னு தெரிஞ்சிருக்குமா, மேடம்?”

டாக்டர் இசக்கிராஜா கவச உடையை மாட்டிக்கொண்டு, கொரோனா வார்டுக்குள் போகாமல் கதவருகிலேயே நின்றார். துறைத் தலைவி ஆவுடையம்மாள் கையில் மார்க்கரோடு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

அவன் என்றால் ஜெபஸ்டின். அவரும் டாக்டர்தான். கல்லூரி நாளிலிருந்தே இருவரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். போன வாரம் இதே வார்டில், இதே நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த உடைக்குள் புகுந்துவிட்டால் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. அதனால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதுவார்கள். தன் முதுகுக்குத் தன் கை எட்டாது. இன்னொருவர்தான் எழுதிவிட வேண்டும்.

இசக்கிக்கு எழுதிவிடுவது ஜெபஸ்டின். ஒருநாளாவது ஒழுங்காகப் பெயரை எழுதினாரா? இசக்கி நெட்டை, ஒல்லி. ஆகவே ‘பனங்கிழங்கு’ என்றுதான் எழுதுவார். நோயாளிகளும் “பனங்கிழங்கு டாக்டரைக் கூப்பிடுங்க” என்பார்கள். மூச்சுக்குத் தவிக்கிற இடத்தில் அப்படி ஒரு குறும்பு.

ஜெபஸ்டின் படுக்கையில் விழுந்த பிறகு, தன் உடையில் வேறு யாரையும் எழுத விடவில்லை இசக்கி.

“பேரில்லாமத்தான் அவன் பக்கத்துல நின்னேன். முகம் தெரியாது. மெஷின் சத்தத்துல குரலும் கேட்டிருக்காது. யாரோ ஒரு டாக்டர்னு நெனச்சே போயிருப்பான்.”

இசக்கி அழுதார். கண்ணாடிக்குள் வழிந்ததைத் துடைக்கவும் வழியில்லை.

“கடைசியா அவனுக்கு என்ன செஞ்ச?” என்றார் ஆவுடையம்மாள்.

“மாஸ்க் நழுவியிருந்துது. குனிஞ்சு சரி பண்ணினேன். அவன் கை என் முதுகுல கிடந்து அலைஞ்சுது. மூச்சு முட்டுறவங்க கை அப்படித்தானே அலையும்? எடுத்துக் கட்டில்ல வச்சேன். மறுபடியும் வந்துது. மறுபடியும் எடுத்து வச்சேன்.”

ஆவுடையம்மாள் மார்க்கரின் மூடியைக் கழற்றினார்.

“திரும்பு.”

“வேண்டாம், மேடம்.”

“திரும்புப்பா.”

இசக்கி திரும்பி நின்றார்.

மார்க்கர் முனை முதுகில் அழுந்தியது. மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு. பிறகு மேல்நோக்கி ஒன்று. ‘ப’.

இசக்கி சட்டென்று நிமிர்ந்தார். அன்றைக்குக் கட்டிலருகே குனிந்து நின்றபோது ஜெபஸ்டினின் விரல் போன வழியும் இதுதான்.

“மேடம்... அந்தக் கையை நான்தானே எடுத்து எடுத்து வச்சேன். எழுதி முடிக்க விடலையே அவனை.”

“அசையாம நில்லு, இசக்கி” என்றார் ஆவுடையம்மாள். “இன்னும் பாதி இருக்கு.”