நூல் கேட்டு வந்தவள்

தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊரில் ஒருமுறை புதிதாக ஒரு கட்டடம் எழும்பியது. வாசலுக்கு மேலே, பலகையில், இரண்டு சொற்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. முன்னால் நூல். பின்னால் அகம்.

"இந்த ஊரே என் பேரைச் சொல்லித்தான் சோறு தின்கிறது. எப்படிக் கூட்டம் வரப்போகிறது, பார்!" என்றது நூல்.

அகம் பலகையோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. அதற்குக் கூச்ச சுபாவம்.

கூட்டம் வந்தது. வந்தவர்களெல்லாம் தறியில் பாவு ஓட்ட நூல் கேட்டார்கள். இல்லை என்றதும் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். பத்து நாள் பொறுத்த ஊர்ப் பெரியவர்கள், பேரை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மறுநாள் காலை, பெயிண்டர் பெரியதம்பி ஏணியோடு வந்துவிட்டார்.

நூல் அகத்தின் தோளைப் பற்றிக்கொண்டது. "என்னைத்தான் அழிக்கப் போகிறார். நீயாவது பிழைத்துக்கொள்."

"நீ போய்விட்டால் என்னைத் தேடி யார் வருவார்கள்?" என்றது அகம். அது வாய் திறந்து பேசியது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்துப் பாவாயி வந்தாள். முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவள். ஏணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு சொற்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தன.

"ஏனுங்க, அறுபதாம் நம்பர் நூல் ஒரு கட்டு வேணுமுங்க."

நூலகர் சத்தியசீலனுக்குச் சலித்துப் போயிருந்தது. "அந்த நூல் இங்க இல்லீங்கக்கா. இது படிக்கிற நூல்" என்று கையிலிருந்த புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

பாவாயி எழுத்தைப் பார்க்கவில்லை. பக்கங்களின் நடுமடிப்பில் வெள்ளையாக ஏதோ ஓடியது. விரல் நுனியால் நிமிண்டினாள்.

"இல்லைன்னீங்களே, இது என்னங்க? நல்ல முறுக்கு நூலு. இதுதானுங்களே அத்தனை தாளையும் புடிச்சு வெச்சிருக்குது?"

சத்தியசீலன் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷம் புரட்டியும் அவர் கண்ணில் படாத தையல்! இன்னொன்றை எடுத்து விரித்தார். அதிலும் இருந்தது. அடுத்ததிலும்.

பாவாயி அலமாரிகளை அண்ணாந்து பார்த்தாள். கூரைவரை புத்தகங்கள்.

"ஆத்தாடி! இத்தனையும் பிரிச்சு நீட்டினா எத்தனை ஊரு தாண்டிப் போகும்!" என்றாள். பிறகு மெதுவாக, "இவ்வளவு பத்திரமாத் தச்சு வெச்சிருக்காங்கன்னா உள்ள என்னதான் இருக்குது? கொஞ்சம் படிங்க, கேக்கறேன்."

அவர் படித்தார். கரையே தெரியாத கடலில் ஒற்றைத் தோணிக்காரன். நாலு பக்கமும் தண்ணீர். தலைக்கு மேலே எண்ண முடியாத வெளிச்சங்கள். கடலைக் கண்ணால் கண்டிராத பாவாயி, பக்கத்து மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் பெரியதம்பி ஏணியிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்தார். தூரிகை காய்ந்துகொண்டிருந்தது.

பாவாயி வெளியே வந்தபோது உச்சி வெயில்.

"ஏணியை எடுத்துட்டுப் போப்பா. நூலு உள்ளதான் இருக்குது. ஊருக்குள்ள நான் சொல்லிக்கறேன்."

பெரியதம்பி ஏணியை மடக்கினார்.

"பிழைத்தேன்! கேட்டாயா, பிழைத்தேன்!" என்று நூல் கூவியது.

அகத்தின் காதில் அது விழவில்லை. தான் என்றால் நாலு சுவரும் ஒரு கூரையும் மட்டுமே என்று அது இதுவரை நினைத்திருந்தது. இப்போது தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே பாவாயி, அந்தக் கடல் முழுவதையும் நெஞ்சுக்குள்ளே தளும்பத் தளும்பச் சுமந்துகொண்டு, மெல்ல அடியெடுத்து வைத்தாள்.

பலகையில் ஒட்டியிருந்த அகம், தான் தெருவில் நடந்து போவதைக் கண்டது.