தவிட்டுக்குருவிக்குக் கண் வெளுத்த கதை

பறவைகளெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தவிட்டுக்குருவிகள் மட்டும் பகலில் பேசுவதில்லை. பேச்சு வராமல் இல்லை. ராசாவின் உத்தரவு.

ராசா என்றால் கரிச்சான் என்கிற கறுப்புக்குருவி. கண்மாய்க்கரையில் நின்ற வாகைமரத்தின் உச்சியில் இலையில்லாத ஒரு மொட்டைக்கிளை உண்டு. அவன் இருப்பது அங்கேதான். கீழே சருகுக்குள் தவிட்டுக்குருவிக் கூட்டம் புழு பூச்சி பொறுக்கும். வானத்தில் வல்லூறு தெரிந்தால் அவன் குரல் கொடுப்பான். கூட்டம் வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு முட்புதருக்குள் ஓடி ஒளியும். எப்போதோ ஒரு கோடையில் உண்மையாகவே வல்லூறு வந்து, அவன் குரலால் அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த நன்றியில்தான் அவனை ராசா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் அடித்துக் கூப்பிடச் சொல்லவில்லை.

உத்தரவுகள் அதற்குப் பிறகு வந்தன. பகலில் யாரும் வாய் திறக்கக் கூடாது, வல்லூறுக்குக் காது கூர்மை. யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது, வானம் ராசாவுடையது. தவிட்டு நிறத்தில் பிறந்தவர் பார்த்தால் கண் அவிந்துபோகும். இதைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லை. கண்ணைப் பணயம் வைத்து யார் சோதிப்பார்? தாத்தன் பார்க்கவில்லை, அப்பன் பார்க்கவில்லை. குஞ்சுகளுக்குத் தத்தக் கற்றுக்கொடுக்கும்போதே தலையைக் குனியவும் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த வருஷம் கோடை முற்ற முற்ற ராசாவின் குரல் அடிக்கடி கேட்டது. யாருக்காவது கொழுத்த இரை அகப்பட்ட நேரமாகப் பார்த்துக் கேட்டது. ஒளிந்தவர்கள் திரும்பி வந்தால் போட்டுவிட்டுப் போனது இருக்காது. வல்லூறு கொண்டுபோயிருக்கும் என்று பொழுதடைந்தபின் புதருக்குள் கிசுகிசுத்துக்கொள்வார்கள். "வல்லூறுக்கு வயசாயிருச்சு போல, புழு திங்குது" என்பான் முள்ளான். அவனுக்கு எதிலும் நக்கல். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சாம்பி அவனுடைய அண்ணன் மனைவி. புருஷனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு மூன்று குஞ்சுகளோடு தனியாக நின்றவள். ராசா குரல் கொடுக்கக் கொடுக்க இரையைப் போட்டுவிட்டு ஓடியதில் இரண்டு குஞ்சுகள் வாய் பிளந்தபடியே செத்துப்போயின. மிச்சம் ஒன்று. அன்று காலையில் அவள் கிளம்பும்போது அதுவும் தலையைத் தூக்கவில்லை.

உச்சிவெயிலில் அவளுக்கு ஒரு பச்சைப்புழு கிடைத்தது. அலகில் பிடித்து நிமிர்வதற்குள் மேலிருந்து குரல் வந்தது.

"வல்லூறு! ஓடுங்க!"

சருகு ஒருதரம் சலசலத்து அடங்கியது. கூட்டம் முழுக்கப் புதருக்குள். சாம்பி மட்டும் நகரவில்லை. புழுவைப் போட்டால் குஞ்சு இன்று தாண்டாது. வைத்துக்கொண்டு ஓடலாமா, நிற்கலாமா என்று தெரிய வேண்டுமென்றால் வல்லூறு எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும். பார்த்தால் கண் போகும். போகட்டும், கண் இல்லாவிட்டாலும் கூட்டுக்கு வழி சிறகுக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

அண்ணாந்து பார்த்தாள்.

முதலில் ஒன்றும் புரியவில்லை. தலைக்கு மேல் இவ்வளவு இடம் இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. கிளைக்கு மேல் கிளை, அதற்கும் மேல் ராசா, அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. வெளுத்த நீலம் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு ஓரம் இல்லை. யாரும் ஏறி உட்கார அதில் இடமும் இல்லை. ராசாவின் தலைக்கு மேல் இருந்த அதே வானம் அவள் தலைக்கு மேலும் இருந்தது. அவன் உச்சியில் இருப்பதும் இவள் சருகில் நிற்பதும் அதற்கு ஒரு வித்தியாசமாகவே தெரியவில்லை. மொட்டைக்கிளை ஒரு சுள்ளியைப் போல் கிடந்தது அதன் அடியில். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த வெளுப்பு அவளுடைய கறுத்த கண்ணுக்குள் இறங்கி அப்படியே தங்கிவிட்டது.

வல்லூறு இல்லை.

புழுவைக் காலடியில் வைத்து மிதித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் வாயைத் திறந்தாள். "மேல ஒண்ணுமே இல்ல."

புழுவுக்காகப் பாதிவழி இறங்கியிருந்த கரிச்சான் அப்படியே ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தான். கோபப்படவில்லை. "இன்னைக்கு இல்ல, சரி. நாளைக்கு வரும்ல? அப்ப யாரு சொல்லுவா?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். புதருக்குள் சில தலைகள் ஆடியதும் அவளுக்குத் தெரிந்தது.

"மதினி, கண்ணு தெரியுதா?" முள்ளானின் குரல்.

"தெரியுது. நீ வாலை வெளியே விட்டுட்டு ஒளிஞ்சிருக்கிறதும் தெரியுது."

முள்ளான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். நக்கலாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன் திறந்த அலகோடு அப்படியே நின்றுவிட்டான். அவன் அப்படி நிற்பதைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள், அவளைப் பார்த்து இன்னொருவன். பார்த்த கண் எதுவும் அவியவில்லை, வெளுத்தது. பிறகு எல்லோரும் சேர்ந்தாற்போல் பேசத் தொடங்கினார்கள். தாத்தன் காலத்திலிருந்து விழுங்கிவைத்த பேச்சு. அப்படி ஒரு சத்தத்தைக் கரிச்சான் கேட்டதே இல்லை. பறந்தான். முள்ளான் எட்டிப் பிடித்ததில் வாலின் நடுச்சிறகு பிய்ந்து வந்துவிட்டது. கரிச்சானுக்கு வால் இரண்டாகப் பிளந்தது இப்படித்தான்.

சாம்பியின் குஞ்சு புழுவை விழுங்கியது. விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது.

ஆனால் அவன் கேட்ட கேள்வி போகவில்லை. வல்லூறு என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதே. கூட்டம் கூடிப் பேசி, முதலில் பார்த்த கண் அவளுடையது என்பதால் சாம்பியை மொட்டைக்கிளையில் ஏற்றியது. ஆளுக்கொரு இரை கொண்டுவந்து கொடுத்தது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வயிறு நிறைந்தது. உச்சியிலிருந்து பார்க்கும்போது கீழே எல்லோரும் தவிட்டுப் பொட்டுகளாகத் தெரிந்தார்கள். யார் வாயில் எது இருக்கிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. ஒருத்தி வெட்டுக்கிளி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். சாம்பியின் தொண்டைக்குள் 'வல்லூறு' என்ற சொல் தானாகவே வந்து நின்றது.

அவளுக்குப் பசியே இல்லை. அப்படியிருந்தும் வந்து நின்றது.

அலகை இறுக மூடிக்கொண்டு இறங்கினாள். எல்லோரையும் கூப்பிட்டு, எதையும் மறைக்காமல் சொன்னாள். "அவன்தான் கெட்டவன்னு நினைச்சேன். அந்தக் கிளை அப்படி. நான் இன்னும் நாலு நாள் இருந்தா நானும் அவன்தான்."

அன்று பொழுது சாயும்வரை பேச்சு. மரத்தையே விட்டுப் போய்விடலாம் என்றார்கள் சிலர். நல்ல ஆளாகப் பார்த்து ஏற்றலாம் என்றார்கள் சிலர். நல்ல ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் வல்லூறு நம்மைப் பிடித்துவிடும் என்றான் முள்ளான். சண்டை வந்தது, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பியும் வந்தார்கள். கடைசியில் சாம்பி சொன்னதுதான் எல்லோருக்கும் ஒத்துவந்தது.

"தின்னுட்டு ஏறட்டும். மேல இருக்கிறவரைக்கும் ஒரு எறும்புகூடத் திங்கக் கூடாது. யாரும் ஊட்டவும் கூடாது. பசிச்சா எறங்கி நம்மகூடப் பொறுக்கட்டும், இன்னொருத்தர் ஏறட்டும். மேலேருந்து குரல் வந்தா, எல்லாரும் அவங்கவங்க கண்ணால பாத்துக்கணும்."

கோடை தணிந்து ஈரக்காற்று வீசத் தொடங்கிய ஒரு காலையில் வல்லூறு வந்தது. கிளையில் இருந்தது முள்ளான். சாம்பியின் குஞ்சு அப்போதுதான் சருகில் இறங்கித் தத்திக்கொண்டிருந்தது. முள்ளான் கத்தினான். விளையாட்டுக்காரன், நம்புவதா என்று ஒரு கணம். அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. நீலத்திலிருந்து ஒரு கறுப்புப் புள்ளி கல்லைப் போல் விழுந்துகொண்டிருந்தது, நேராகக் குஞ்சின் மேல்.

யாரும் புதருக்கு ஓடவில்லை. ஓட நேரமும் இல்லை. குஞ்சைச் சுற்றி நெருங்கி நின்று, சிறகை விரித்து, ஒரே குரலாகக் கத்தினார்கள். அதுவரை வல்லூறு தவிட்டுக்குருவிகளின் முதுகைத்தான் பார்த்திருக்கிறது. அன்று அத்தனை வெள்ளைக் கண்கள் கீழேயிருந்து அதையே பார்த்தன. விரித்த நகத்தை மடக்கிக்கொண்டு, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வந்த வழியே ஏறிப்போனது. அது சின்னதாகிச் சின்னதாகி மறையும்வரை யாரும் தலையைத் தாழ்த்தவில்லை.

"பசிக்குது மதினி" என்றபடி முள்ளான் இறங்கி வந்தான். யாரும் சொல்லாமலே இன்னொருத்தி ஏறிப்போனாள்.

தவிட்டுக்குருவிகள் கூட்டமாகவே திரிவதும், ஒன்று பேசும்போதே மற்றதெல்லாம் பேசுவதும், கறுத்த கண்ணோடு வளரும் குஞ்சுக்கு நாளாக ஆகக் கண் வெளுப்பதும், ஒன்று மட்டும் உச்சிக்கிளையில் எதையும் தின்னாமல் இருந்துவிட்டுச் சற்று நேரத்தில் தானே இறங்கி வருவதும் அன்று முதல்தான்.