அறுபத்தேழு குதிரைக்குக் கொள்ளு

பொள்ளாச்சிக்கு மேற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மேட்டுநாவல்பாளையம் என்று ஒரு ஊர். தங்கமான ஜனங்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்து, "டாக்டர் வீடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால், எழுந்து நின்று, தோள் துண்டை இறக்கி, "கட்டுன எடத்துலயேதானுங்க இருக்குது" என்பார்கள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டார்கள். குறைக்கவும் மாட்டார்கள்.

அந்த ஊரில் சென்னியப்பனுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. சினிமாக்காரர்கள் அதில் பதினெட்டு நாள் ஷூட்டிங் எடுத்தார்கள். போகும்போது, வாடகைக்குப் பதிலாக ஒரு சின்ன சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை விட்டுவிட்டுப் போனார்கள். கூரை கிடையாது. ரெண்டே சீட். உட்கார்ந்தால் ரோடு இடுப்புக்கு ஒரு சாண் கீழே ஓடும். சென்னியப்பன் அதைத் தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தான். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்தது.

ஒரே ஒரு குறை. ஷூட்டிங்கில் அந்த வண்டி பறந்ததே, அது நாலு பேர் பின்னால் இருந்து தள்ளியதால் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை, மனைவி மயிலாத்தாளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனான். ஊர் மேட்டின் மேல் இருப்பதால் போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். திரும்பி வருகிற ஏற்றத்தில் பின்னால் ஹாரன் கேட்டது. ஜாபர் பாயின் பால்வண்டி. முந்திப் போயிற்று. உள்ளே இருந்த காலி கேன்கள் எல்லாம் கலகலவென்று சிரித்துக்கொண்டே போயின. மயிலாத்தாள் காரிலிருந்து இறங்கி மீதி தூரத்தை நடந்தாள். அவளும் காரை முந்திவிட்டாள்.

வீட்டில் வைத்துச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை எங்கண்ணன் வீட்டுப் புண்ணியார்ச்சனை. புதுவீடு கட்டிக் குடி போறாங்க. இந்த வண்டி அந்தப் பால்வண்டியை முந்தற வரைக்கும் நான் இதுல கால் வெக்கமாட்டனுங்க. சீர்த்தட்டைத் தூக்கிட்டு பால்வண்டியிலயே போய்க்கறேன்."

சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மயிலாத்தாள் அண்ணன் வீட்டுக்கு அவன் பக்கத்தில் உட்காராமல் போனதே இல்லை. சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் பால் கேன்களுக்கு நடுவிலிருந்து இறங்குவதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கூட்டாளிகள் ரெண்டு பேரையும் கூப்பிட்டான். தேவணனுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் யோசிக்கிற வேலை அவனுடையது. காளியண்ணன் ஒற்றை ஆளாக நெல் மூட்டை ரெண்டைத் தூக்குவான் என்பதால் மற்ற வேலைகள் அவனுடையவை. மூவரும் வண்டியைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் மெக்கானிக் ஆரோக்கியத்தைப் பார்த்தார்கள். அவர் வேளாங்கண்ணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில்.

"செலவு கம்மியா வேகத்தை ஏத்தோணுங்க" என்றான் சென்னியப்பன்.

"புது எஞ்சின் போட்டா உங்க தோப்பு போயிரும். அதெல்லாம் வேண்டாம். இதுலயே அறுபத்தேழு குதிரை இருக்குது. அதை நல்லா கவனிச்சாப் போதும். எஞ்சின் தாராளமா மூச்சு விடோணும். மேப்பை மாத்தோணும். எடையைக் குறைக்கோணும். அவ்வளவுதான். நான் திரும்பி வந்து பண்ணித் தர்றேன். அதுவரைக்கும் யாரும் வண்டியில கை வெச்சிறாதீங்க."

எஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டரில் எழுதி வைத்திருக்கிற கணக்குக்குத்தான் மெக்கானிக்குகள் மேப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆரோக்கியம் அதை விளக்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

தேவணன் எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக்கொண்டான். ஊருக்கு வந்ததும் முதல் காரியமாக மூவரும் கைகளில் துண்டைச் சுற்றிக்கொண்டார்கள், கை வைக்கக் கூடாதல்லவா. பிறகு காரின் மூடியைத் திறந்து மூன்று தலைகளையும் உள்ளே விட்டார்கள்.

"அறுபத்தேழு குதிரைங்கறாரு. ஒரு சத்தமும் காணோமே?" என்றான் காளியண்ணன்.

"தூங்கும்" என்றான் தேவணன். "குதிரை நின்னுட்டே தூங்குமுங்ணா."

"அறுபத்தேழும் நிக்கறதுக்கு எடம் பத்தாதே?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தான். "சின்னக் குதிரையா இருக்கும். சின்ன வண்டிதானே" என்றான்.

மூவருக்கும் மனசு நிறைந்தது. ஆனால் தேவணன் விடவில்லை. "அதுகளை நல்லா கவனிக்கோணும்னாரே. நீங்க கடைசியா எப்பத் தீனி போட்டீங்க?"

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு மாதமாகக் குடிக்கப் பெட்ரோல் கொடுத்தானே தவிர, தின்ன ஒரு பிடி கொடுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. "வாயில்லாச் சீவனுங்களை இப்படிப் பட்டினி போட்டுட்டனே! வெறும் வயித்துல ஏற்றம் ஏறச் சொன்னா எப்படி ஏறும்?" என்று காரின் நெற்றியைத் தடவினான். துண்டோடுதான்.

மூன்று படி கொள்ளை வேகவைத்தார்கள். எந்தக் குதிரைக்கும் குறைவு வரக்கூடாது என்று காளியண்ணன் மேலே ஒரு படி சேர்த்தான். எஞ்சினுக்குக் காற்று போகிற குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதற்குள் கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். வண்டியைக் கிளப்பியதும் அது ரெண்டு தரம் இருமியது. பின்னால் இருந்த புகைக்குழாயில் கொள்ளு ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. பக்கத்து வீட்டு எருமை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டது. அப்புறம் எஞ்சின் கர்ர், கர்ர் என்று இழுத்தது.

"மூச்சு விட முடியலைங்ணா" என்றான் தேவணன் தாளைப் பார்த்து. "இதுவும் எழுதியிருக்குது. தாராளமா மூச்சு விடோணும்."

"சளி கட்டியிருக்குது" என்றான் காளியண்ணன். "எங்க வீட்ல ஆவி புடிப்பாங்க."

நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு ஒரு அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, எஞ்சினுக்கடியில் வைத்து, ஐந்து கம்பளியைப் போட்டு மூடினார்கள். காளியண்ணன் கம்பளிக்குள் தலையை விட்டு, "நல்லா இழுத்து விடு சாமி, நல்லா இழுத்து விடு" என்று தைரியம் சொன்னான். அதோடு திருப்தி இல்லாமல் மிச்சத் தண்ணீரையும் குழாயில் ஊற்றினார்கள். கம்பளியை எடுத்தபோது இருமல் சுத்தமாக நின்றிருந்தது. எஞ்சினும் நின்றிருந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

"ஆவி புடிச்சா அசந்துதான் தூங்கும்" என்றான் காளியண்ணன். யாரும் எழுப்பவில்லை.

புதன்கிழமை வரை தூங்கியது. தேவணன் தாளை எடுத்தான். "மேப்பை மாத்தோணும்னு இருக்குது. தப்பான மேப்பை வெச்சுட்டு எந்த வண்டி கிளம்பும்?" கடைக்குப் போனார்கள். கடையில் மூன்று மேப் இருந்தது. மாவட்டம், இந்தியா, உலகம்.

மாவட்ட மேப்பில் அவர்கள் ஊரிலிருந்து மச்சான் ஊரான தொட்டிப்பாளையம் ஒரு அரிசி நீளம் தள்ளி இருந்தது. "தூரம்" என்று ஒதுக்கினான் தேவணன். உலக மேப்பில் ஊரே இல்லை. "இல்லாத ஊர்ல இருந்து எப்படிக் கிளம்பறது?" இந்தியா மேப்பில் ஒரு புள்ளி இருந்தது. ரெண்டு ஊரும் அந்த ஒரே புள்ளிக்குள் அடக்கம்.

"இதுதானுங்ணா நம்ம மேப்பு" என்றான் தேவணன், குரலைத் தாழ்த்தி. "கிளம்பும்போதே போய்ச் சேர்ந்துருவோம்."

மைதா பசை காய்ச்சி, எஞ்சின் மேல் ஒட்டினார்கள். எஞ்சின் எழவில்லை. "கன்னியாகுமரி ஈரமா இருக்குது, காயட்டும்" என்றார்கள்.

மீதி இருந்தது எடை. வியாழக்கிழமை காளியண்ணன் தள்ள, வண்டி தேங்காய் மண்டிக்கு வந்தது. லாரிகளை நிறுத்தி எடை போடுகிற மேடை அங்கேதான் இருக்கிறது. ஏற்றி நிறுத்தினார்கள். எழுநூற்றுப் பத்துக் கிலோ காட்டியது. ரெண்டு கதவையும் கழற்றினார்கள். ஸ்டெப்னி, ரெண்டு சீட்டு, முன்பம்பர் எல்லாம் கழற்றினார்கள். நல்ல சாமான்கள், யாராவது எடுத்துப் போய்விடுவார்கள் என்று ஆளுக்கு ரெண்டாகக் கையிலும் தலையிலும் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் மேடையிலேயே நின்றார்கள்.

எடை குறையவில்லை. மூன்று ஆள் சேர்ந்ததில் கூடியிருந்தது.

"கழட்டக் கழட்ட ஏறுதே!" என்று சென்னியப்பன் பதறினான்.

"முடி வெட்ட வெட்ட வளருதில்லீங்களா, அந்த மாதிரி" என்றான் தேவணன்.

அதற்குள் கை வலித்து, காளியண்ணன் கதவோடு மேடையை விட்டு இறங்கி ஓரமாக உட்கார்ந்தான். எண் தடதடவென்று இறங்கியது. தேவணன் அதைக் கவனித்துவிட்டான். "இப்பத் தெரிஞ்சுதுங்ணா! காளியண்ணனுக்குக் களைப்பு வந்தா வண்டிக்கு எடை குறையுது!" காளியண்ணனை மண்டியைச் சுற்றி எட்டுத் தரம் ஓடவிட்டார்கள்.

மேடையில் எடைச்சீட்டு எழுதுகிறவர் காலையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனப்பா, இருக்கறதுலயே கனம் எஞ்சின்தான். அதையும் கழட்டித் தலையில வெச்சுக்குங்க!" என்று கத்தினார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர் படித்தவர்தான். எஞ்சினைக் கழற்றினார்கள். கழற்றுகிற கையோடு தேவணன் பிரேக்கையும் காட்டி, "வேகமாப் போற வண்டியில நிறுத்தற சாமானை எதுக்கு வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியாததால் அதுவும் போயிற்று. எஞ்சின் இல்லாமல் விசேஷ வீட்டுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களே என்று, அதை மட்டும் ஒரு புது வேட்டியில் சுற்றி, மறுநாள் ஜாபர் பாயின் பால்வண்டியில் அனுப்புவதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்து, பால்வண்டி கிளம்பியது. முன்னால் ஜாபர் பாய். பின்னால் கேன்களுக்கு நடுவே பட்டுப்புடவை கட்டிய மயிலாத்தாள், மடியில் சீர்த்தட்டு, பக்கத்தில் வேட்டி கட்டிய எஞ்சின். அவள் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பால்வண்டி முதல் வளைவைத் தாண்டியதும் காளியண்ணன் ஒரே மூச்சாகத் தள்ளிவிட்டுத் தாவி ஏறினான். தொட்டிப்பாளையம் வரைக்கும் ஐந்து கிலோமீட்டரும், நடுவில் ஒரு துண்டு சமதரை தவிர, இறக்கம். வண்டி முதலில் நடந்தது, பிறகு ஓடியது, அதற்கப்புறம் அது என்ன செய்தது என்று மூவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சீட்டு இல்லாததால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ரெண்டாவது வளைவில் பால்வண்டி தெரிந்தது. மூன்றாவது வளைவில் சத்தமே இல்லாமல் அதை முந்தினார்கள்.

ஒரு கண் சிமிட்டுகிற நேரம்தான். அதற்குள் சென்னியப்பன் பார்த்துவிட்டான். மயிலாத்தாள் சீர்த்தட்டை இறுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் அப்படிச் சிரித்ததை அவன் பார்த்ததில்லை.

தொட்டிப்பாளையத்தில் மச்சான் நடராசு வாசலில் நின்று சந்தனம் கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தார். சிவப்பாக ஏதோ அவரைக் கடந்து, பந்தலுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, வைக்கோற்போருக்குள் புகுந்து நின்றது. வைக்கோலை விலக்கிக்கொண்டு மூன்று பேர் வந்து கும்பிட்டார்கள். "வாங்க மச்சான்" என்று நடராசு சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். அவரும் அந்த வம்சம்தான்.

கால் மணி நேரம் கழித்துப் பால்வண்டி வந்தது. எஞ்சினை இறக்கும்போது தேவணன் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணா, ஒண்ணு கவனிச்சீங்ளா? நாம முந்துனது பால்வண்டியை மட்டுமில்லீங். நம்ம எஞ்சினையே நாம முந்திட்டோம்!"

இந்த உலகத்தில் தன் எஞ்சினைத் தானே முந்திய வண்டி வேறு உண்டா? மூவரும் அதைப் பேசிப் பேசியே சாப்பிட்டு முடித்தார்கள்.

மத்தியானம் ஊர் திரும்ப வேண்டும். மயிலாத்தாள் சொன்ன சொல் தவறாதவள். ஒரு மனைப்பலகையைக் காரில் போட்டு, சென்னியப்பன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஆனால் இப்போது ரோடு ஏற்றம். நடராசு தன் டிராக்டரில் காரைக் கயிறு போட்டுக் கட்டினார். எஞ்சினோடு தேவணனும் காளியண்ணனும் டிராக்டரில் ஏறிக்கொண்டார்கள்.

சென்னியப்பனுக்கு வெற்றி தலைக்கேறியிருந்தது. மனைவி பக்கத்தில் இருக்கிறாள், முன்னால் ஒரு டிராக்டர் மெதுவாகப் போகிறது. ஹாரன் அடித்தான். நடராசு நல்ல மனுஷன், ஒதுங்கி வழிவிட்டார். சென்னியப்பன் வலப்பக்கம் ஒடித்தான். கயிறு விறைத்து, காரைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டது. மறுபடியும் ஒடித்தான். மறுபடியும் இழுத்தது.

"ஏனுங்க, முந்த முடியலீங்களா?" என்றாள் மயிலாத்தாள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மயிலு. கயிறுதான் கட்டையா இருக்குது."

"நானும் அதான் நெனச்சேன். நீளமா ஒண்ணு வாங்கிக் கட்டுங்க."

வழியில் சமதரையாக இருந்த இடத்தில் ஒரு கயிற்றுக்கடை இருந்தது. கடையில் இருந்ததிலேயே நீளமான கயிறாகக் கேட்டு வாங்கினார்கள். கிணறு தூர் வாருகிறவர்கள் வாங்குகிற கயிறு, சுற்றிவைத்தால் இடுப்பளவு உயரம். ஒரு நுனியை டிராக்டரில் கட்டினார்கள், மறு நுனியைக் காரில். நடராசு கிளம்பினார். கயிற்றுச் சுருள் சரசரவென்று பிரிய ஆரம்பித்தது. கார் கடை வாசலிலேயே நின்றது. டிராக்டர் சின்னதாகி, வளைவில் திரும்பி, மறைந்தே போயிற்று. சுருள் இன்னும் பாதி இருந்தது.

சென்னியப்பன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தான். ரோடு துடைத்த மாதிரி காலியாக இருந்தது. நெஞ்சை நிமிர்த்தினான்.

"பாத்தியா மயிலு? உங்கண்ணன் டிராக்டரு கண்ணுலயே காணோம்!"

மயிலாத்தாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கேயும் காணோம். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவமுங்க எங்கண்ணன், ரொம்பப் பின்தங்கிட்டாரு. கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்."

சரி என்று சென்னியப்பன் வேகத்தைக் குறைத்தான்.