விலங்கு கழன்ற கல்வட்டம்

வெகு காலத்துக்கு முன்னால். எவ்வளவு காலம் என்று கேட்டால் கதை நின்றுவிடும்.

கரும்பாறை நாட்டில் ஒரு பொட்டல். பொட்டலில் வட்டமாக நட்ட கற்கள். நடுவில் ஒரு பூதம், காலில் இரும்பு விலங்கு.

நாட்டு ராஜாவுக்குப் புது மதில் கட்ட ஆசை. "அந்தக் கல்லை உடைத்து வாருங்கள்" என்றார்.

புரோகிதர் போனார். பூதம் கேட்டது: "இந்தக் கல்லெல்லாம் எதற்கு? சரியாகச் சொன்னால் போ. தப்பினால் நில்."

"செத்தவர்களைப் புதைத்த இடம்."

பூதம் காலை உதறியது. விலங்கு கழலவில்லை. புரோகிதர் கல்லாய் நின்றார்.

சோதிடர் போனார். அதே கேள்வி. "சூரியன் எந்தக் கல்லுக்கு நேரே உதிக்கிறது என்று பார்த்து விதைக்க" என்றார். விலங்கு கழலவில்லை. அவரும் கல்.

தளபதி போனார். "மாடு மடக்க. இது கூடவா தெரியாது?" என்றார். அவரும் கல்.

கடைசியில் கல்தச்சன் சிலம்பனைப் பிடித்து அனுப்பினார்கள். அவன், "உடைக்கச் சொன்னார்கள், வந்தேன். எதற்கென்று எனக்கென்ன தெரியும்?" என்றான். உண்மைதான். ஆனாலும் கல்.

உச்சிப் பொழுது தாண்டியும் புருஷன் வரவில்லை. பொன்னுருவி தேடிக்கொண்டு வந்தாள். தலையில் விறகுக் கட்டு, இடுப்பில் கூழ்ப்பானை. சிலம்பனின் சுத்தியல் தரையில் கிடந்தது. ஆளைக் காணோம். புதிதாய் நாலு கல் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எம் புருஷன் எது?"

"முதலில் பதில். தப்பினால் நீயும் கல். சரியாய் இருந்தால் எல்லாரும் ஆள். இந்தக் கல்லெல்லாம் எதற்கு?"

"இரு. கழுத்து ஒடியுது. சுமையை இறக்கிட்டு வந்து சொல்றேன்."

"எல்லாரும் நடுங்குவார்கள். நீ என்னடா என்றால்..."

"நடுங்கினா பானை உடையும்."

பழைய வட்டத்தில் நெஞ்சுயரக் கல் ஒன்று நின்றது. குனியாமல் அதன்மேல் விறகைச் சாய்த்தாள். அவள் ஊரில் ஒரு வழக்கம். சுமை தாங்கிய கல்லை வாழ்த்தாமல் யாரும் நகர மாட்டார்கள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தாங்குனியே, நல்லா இரு."

பூதம் தலையைத் தூக்கியது. "யாரிடம் பேசுகிறாய்?"

"கல்லுகிட்ட."

"கல்லுக்குக் காது உண்டா?"

"தோள் இருக்குல்ல. அது போதும்."

பூதம் அந்தக் கல்லைப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "அதை நட்டவன் நான்."

"ஒத்தையாளாவா? இத்தனையுமா?"

"ஒத்தையாளாய். மலையிலிருந்து சுமந்து வந்தேன்."

"அப்போ உனக்குத்தான் முதல்ல சொல்லணும். நீ நட்டே, நான் சுமை இறக்குனேன். நல்லா இருப்பா."

டணார். விலங்கு தரையில் விழுந்தது.

பூதம் காலைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. அழுதது. "நட்டு முடித்ததும், நடச் சொன்ன மந்திரவாதியிடம் கூலி கேட்டேன். சிரித்தான். விலங்கு மாட்டினான். ஒரு சொல்லில் கழலும் என்றான், எந்தச் சொல் என்று சொல்லவில்லை. எதற்கு நட்டோம் என்பதுதான் அந்தச் சொல் என்று நினைத்தேன். புதைத்தார்கள், சூரியன் பார்த்தார்கள், மாடு மடக்கினார்கள். எல்லாம் இங்கே நடந்ததுதான். ஒருத்தர்கூட இப்படிச் சொல்லவில்லை."

நாலு கல்லும் ஆளாயின. புரோகிதரும் சோதிடரும் தளபதியும் தான் சொன்னதே சரி என்று சண்டையைத் தொடங்கினார்கள். சிலம்பன் பானையைப் பார்த்தான்.

"கூழ் ஆறிப்போச்சா?"

"ஆறினாத்தான் கூழு. குடி."

பூதத்துக்கும் ஒரு கலயம் ஊற்றினாள். அது குடித்துவிட்டு மலைக்குப் போய், ராஜாவின் மதிலுக்கு வேண்டிய கல்லை ஒரே நடையில் கொண்டுவந்து போட்டது. ராஜா வாயைத் திறக்குமுன் பொன்னுருவி அவரைப் பார்த்தாள். ராஜா கைகூப்பி, "நல்லா இருப்பா" என்றார். வட்டத்துக் கல்லை அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை, வாழ்த்துவதற்குத் தவிர.

எதற்குத்தான் நட்டார்கள் என்கிறீர்களா? நட்டவனுக்கே தெரியாது. சுமையை இறக்குங்கள். கல்லுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். நடையைக் கட்டுங்கள்.