பலவேசம் முழங்காலுக்கு ஒன்பது வெளிச்சம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. முழங்கால் மடங்காதவங்க நீட்டிக்கிடலாம், தப்பில்லை. கதையே ஒரு முழங்காலைப் பத்தினதுதான். சிரிப்பு வந்தா மெதுவாச் சிரிங்க. கதையில வர்ற நாலு பேரும் பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க. ஒருத்தன் காதுல விழுந்தா நாலு பேரும் வந்துருவாங்க.

செவக்கரை முத்தாரம்மனுக்குப் பல்லக்குத் தூக்க நாலு பேர். முன்னால் இடது பக்கம் பலவேசம், வலது பக்கம் ஆவுடையப்பன். பின்னால் மாசானமும் சொரிமுத்துவும். நாலு பேருக்கும் இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: பல்லக்கு சாயக் கூடாது. அதற்காக எதையும் சமமாகவே செய்வார்கள். ஒருத்தன் நாலு இட்லி தின்றால் நாலு பேரும் நாலு இட்லி. ஒருத்தனுக்குத் தும்மல் வந்தால் மற்ற மூணு பேரும் மூக்கில் திரியை விட்டுக்கொண்டு தங்கள் தும்மலுக்குக் காத்திருப்பார்கள்.

நாலு பேரில் அறிவாளி ஆவுடையப்பன். ஆறாம் வகுப்பை மூணு வருஷம் படித்தவன். மற்றவர்கள் அதை ஒரே வருஷத்தில் முடித்துவிட்டதால், அவன் படிப்பு தங்களைவிட மூணு மடங்கு என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்த வருஷம் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு இருபது நாள் இருக்கும்போது, பலவேசம் தெற்குத் தெருச் சாக்கடைக் குழிக்குள் இடது காலை விட்டு முழங்காலைத் திருகிக்கொண்டான். ஆள் விழுந்த பிறகுதான் குழியை மூடுவது எங்கள் பஞ்சாயத்துக்கு வழக்கம். மறுநாளே நடுவில் ஓட்டை விட்ட கல் ஒன்றைப் போட்டு மூடினார்கள்.

குழி மூடிவிட்டது, கால் மூடவில்லை. ஒத்திகையில் பலவேசம் நொண்ட, பல்லக்கு சாய, விளக்கெண்ணெய் முழுக்கத் தர்மகர்த்தா குற்றாலிங்கத்தின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"கொடையன்னிக்கும் இப்படிச் சாஞ்சா, அம்மன் நாலு சக்கர வண்டியில போவா. வண்டிக்குச் சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பல்லக்கின் முன் இடது மூலை, பதினாறு வருஷமாகப் பலவேசம் பிடித்திருந்த இடம். நடக்கும்போது அம்மனின் கால் கொலுசு அவன் காதுக்கு நேராகக் குலுங்கும். பொண்டாட்டி கூப்பிட்டால் கேட்காத காது, அந்தச் சத்தத்துக்கு மட்டும் வருஷம் முழுக்கக் காத்திருக்கும். வண்டியில் ஏற்றிவிட்டால் கொலுசு எங்கே கேட்கும்? டயர் சத்தம்தான் கேட்கும்.

நாலு பேரும் கூடி யோசித்தார்கள்.

"ரெண்டு ஏற்பாடு செய்வோம்" என்றான் ஆவுடையப்பன். "ஒண்ணு, பாளையங்கோட்டையில லேசர்னு ஒரு வெளிச்சம் போட்டு வலியப் போக்குதாங்களாம். பலவேசத்த அங்க கூட்டிட்டுப் போவோம். ரெண்டாவது, அது கேக்கலேன்னா? அதுக்கு நாம மூணு பேரும் இவன மாதிரியே நொண்டப் பழகிக்கிடுவோம். நாலு பேரும் ஒண்ணா நொண்டினா பல்லக்கு எப்படில சாயும்?"

"ரெண்டுல ஒண்ணு பலிச்சாப் போதும்லா?" என்றான் மாசானம்.

"ஏன், ரெண்டுமே பலிக்கட்டுமே" என்றான் சொரிமுத்து. அவன் மனசு பெரிசு.

பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்தது ஜெபக்கனி என்ற பொண்ணு. பொறுமைசாலி. அன்றைக்குக் காலையில் அப்படித்தான் இருந்தாள்.

"எங்க வலிக்குது அண்ணாச்சி?"

"தெப்பக்குளத் திருப்பத்துல, டாக்டரம்மா."

"கால்ல எங்கன்னு கேட்டேன்."

"கால்லதான். தெப்பக்குளத் திருப்பத்துல."

அவள் முழங்காலை அமுக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். பிறகு விளக்கினாள். "இது சுடாது, குத்தாது. லேசா இளஞ்சூடு தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். பத்து நிமிஷம்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒன்பது தடவை வரணும். முதல் நாளே வலி ஓடிராது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறையும். மறுநாள் கொஞ்சம் கூடுன மாதிரி இருந்தாலும் பயப்படாதீங்க. தைலம் தேய்க்காம வாங்க. பாரம் தூக்காதீங்க. லைட்டு எரியிற வரைக்கும் கண்ணுக்கு மாட்டுற கண்ணாடியக் கழட்டக் கூடாது, நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

அறையில் இருக்கிற எல்லாருக்கும் கண்ணாடி உண்டு என்றதும் மற்ற மூணு பேருக்கும் ரொம்பத் திருப்தி. வரிசையாக உட்கார்ந்து, மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு இடது முழங்காலைத் திறந்துவைத்துக்கொண்டார்கள்.

பத்து நிமிஷம் ஆனது. "முடிஞ்சுது" என்றாள் ஜெபக்கனி.

பலவேசம் அசையவில்லை. 'முடிஞ்சுது' என்றுதானே சொன்னாள், 'அசையுங்க' என்று சொல்லவில்லையே? அவள் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். மூணு பேரும் அவனை உட்கார்ந்த வாக்கிலேயே தூக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர், சிலைக்கு லக்கேஜ் டிக்கெட் போடணும் என்றான். அந்தக் காசுக்குப் பயந்துதான் பலவேசம் அசைந்தான்.

கண்ணாடியை மட்டும் அவள் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அறைக்குள் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருக்கிறது என்று நாலு பேர் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. நல்லவேளை, ஊருக்குள் நுழைகிற இடத்தில் வெல்டிங் பட்டறை. அங்கே நாலு கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊர்த் தெருவிளக்கு பகலில்தான் பிரமாதமாக எரியும் என்பதால், கழற்றுவதற்கு வேளையே வாய்க்கவில்லை.

அடுத்து, பாரம். பலவேசம் சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கு வந்தது.

"சோத்து உருண்டை பாரமா, இல்லையா?" என்றான் மாசானம்.

"ஒரு உருண்டை பாரமில்ல. ஆனா இவன் முப்பது உருண்டை திம்பான். மொத்தமாப் பாரு" என்றான் சொரிமுத்து.

"ரசம்?"

"ரசம் பாரமில்ல. அது தானா ஓடும்" என்று தீர்ப்புச் சொன்னான் ஆவுடையப்பன். ஆகவே பலவேசம் ரசத்தைத் தானே குடித்தான். சோற்றை அவன் பொண்டாட்டி ஊட்டினாள். ஊட்டும்போது அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே சொல்ல முடியாது.

இப்படியே ஒன்பது தடவை போய் வந்தார்கள். இரண்டாம் தடவை, "ஒண்ணுமே தெரியலியே, இருட்டத்தான் போடுதாளோ?" என்றான் பலவேசம். நாலாம் தடவை படி ஏறினான். ஏழாம் தடவை குந்தி எழுந்தான். ஒன்பதாம் தடவை முடிந்ததும் பிசகில்லாமல் நேராக நடந்தான். ஜெபக்கனிக்குச் சந்தோஷம். வாசல்வரை வந்து பார்த்தாள். மூணு பேரும் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து அவன் பின்னால் போனார்கள்.

"நீங்க மூணு பேரும் எப்ப விழுந்தீங்க?"

"நாங்க விழல டாக்டரம்மா" என்றான் ஆவுடையப்பன் பெருமையாக. "தேறிட்டோம்."

கொடையன்று மத்தியானம் குற்றாலிங்கம் பரீட்சை வைத்தார். அம்மன் இடத்தில் தண்ணீர்க் குடம். நாலு பேரும் தூக்கினார்கள். மூணு மூலை தாழ்ந்து எழுந்தது, பலவேசம் மூலை மட்டும் தாழவே இல்லை. குடம் உருண்டு, துவைத்து வந்த அதே வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

"மூணு பேரு ஒரு மாதிரி போறானுவ, நீ மட்டும் ஏம்ல கோணலா நடக்க?" என்று அவர் பலவேசத்தைப் பார்த்துக் கத்தினார். "நாலு மணிக்குள்ள நாலு பேரும் சேர்ந்து சாயாமத் தூக்கி என் கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா வண்டிதான்!"

மூணு பேரும் நேராக நடந்து பார்த்தார்கள். பதினெட்டு நாள் பழக்கம், கால் கேட்கவில்லை.

"அப்ப நீ நொண்டு" என்றான் மாசானம்.

பலவேசம் யோசித்தான். "நீங்க பழகினவங்க, நொண்டலாம். எனக்கு இருந்தது வியாதி. வியாதி இல்லாம நொண்டினா அது பித்தலாட்டம்லா? அம்மன் என் காதுக்கிட்டயே இருக்காளே, கண்டுபிடிச்சுருவாளே."

நியாயம்தான் என்று மூணு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பித்தலாட்டம் வேண்டாம் என்றால் வியாதி வேண்டும். ஆவுடையப்பன் நேராகத் தெற்குத் தெருவுக்கு நடந்தான். நாலு பேரும் சேர்ந்து குழிக் கல்லைப் புரட்டித் தள்ளினார்கள்.

"அன்னைக்கு எந்தக் கால முதல்ல வச்ச?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"இடது கால. ஆனா ஒன்பது வெளிச்சமும் வீணாப் போகுமே."

"போனா என்னல? கொடை முடிஞ்சதும் மறுபடி போட்டுக்கிடலாம்."

பலவேசம் காதில் கொலுசுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது காலைத் தூக்கினான்.

"ஏலே! மூடின குழிய எதுக்குலே திறக்கீங்க?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் குற்றாலிங்கம். ஓடிவந்த வேகத்தில் நேராகக் குழிக்குள் போனார். இடுப்பளவுக் குழிதான். உட்கார்ந்துவிட்டார்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"எந்தக் கால் அண்ணாச்சி?" என்றான் ஆவுடையப்பன்.

"வலது முழங்காலுலே! போச்சே!"

"வலது கால் நமக்கு ஆகாது" என்று அவன் பலவேசத்திடம் வருத்தத்தோடு சொன்னான்.

"ஊரே வந்து என் தலையில விழுறதுக்கு முன்னால இந்தக் குழிய மூடித் தொலைங்கலே!"

தர்மகர்த்தா சொல்லை அவர்கள் என்றைக்குத் தட்டினார்கள்? நாலு பேரும் கல்லின் நாலு மூலையைப் பிடித்தார்கள். நின்ற இடத்திலிருந்தே தூக்கியதால் நொண்ட வேண்டிய வேலையே இல்லை. கல் அலுங்காமல் குலுங்காமல் போய் உட்கார்ந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லின் ஓட்டையில் வாயை வைத்துக் கேட்டான்:

"அண்ணாச்சி, நீங்க கீழ இருந்து பாத்திருப்பிய. சாஞ்சுதா?"

"சாயலைலே! துளி இடுக்கு இல்லாம மூடிட்டியளே, பாவிகளா!"

"சாயலையாம்!" என்றான் பலவேசம். மணி மூணே முக்கால். மேளம் கேட்டது. மூணு பேரும் கோயிலைப் பார்த்து ஓடினார்கள், ஒருத்தன் நேராக, ரெண்டு பேர் நொண்டியபடி.

ஆவுடையப்பன் மட்டும் நின்றான். மேற்கு வெயில் ஓட்டை வழியாகச் சின்ன வட்டமாக இறங்கி, குற்றாலிங்கத்தின் வலது முழங்காலில் சரியாக விழுந்திருந்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. சுடாது, குத்தாது. நான் வந்து சொல்ற வரைக்கும் அசையாதீங்க" என்று சொல்லி, தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஓட்டை வழியாக உள்ளே போட்டான்.